எல்லாவற்றுக்கும் ஒரே போன்: எதை ஒதுக்கலாம், எதை ஒதுக்கக் கூடாது

கேள்வி சுருக்கமாக இது: அலாரம் கடிகாரம், டார்ச், கேமரா, கால்குலேட்டர், ரேடியோ, குரல் பதிவுக் கருவி, ஸ்கேனர், பாட்டுக் கேட்கும் கருவி என்று வீடு நிறையச் சாமான் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு ஸ்மார்ட்போனை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பெரும்பகுதி முடியும். ஆனால் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, "இதைப் போன் செய்யுமா?" என்று கேட்டு ஒதுக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் "செய்யும்" என்றுதான் பதில் வரும். டார்ச்சும் போய்விடும், ரேடியோவும் போய்விடும், அப்புறம் அவை வேண்டியிருக்கிற ஒரு ராத்திரியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கேட்க வேண்டியது இது: போன் செத்துக் கிடக்கிற நேரத்திலும் இந்த வேலை நடந்தே ஆக வேண்டுமா? ஆமாம் என்றால் அந்தச் சாமான் இருக்கட்டும். இல்லையென்றால் யோசிக்காமல் ஒதுக்கலாம். வருடக்கணக்காக இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இத்தனையும் எப்படி ஒரே பெட்டிக்குள் புகுந்தன என்று தெரிந்தால் எது புகவில்லை என்பதும் தானாக விளங்கும். ஒரு பழைய டிஜிட்டல் கேமராவையும் ஒரு குரல் பதிவுக் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரு பேட்டரி, ஒரு சின்னத் திரை, நாலைந்து பொத்தான், ஒரு சில்லு, கொஞ்சம் நினைவகம். முக்கால்வாசி ஒரே சரக்குதான். வித்தியாசம் என்று பார்த்தால் ஒன்றில் லென்ஸும் அதன் பின்னால் ஒளியை வாங்கும் சென்சாரும். மற்றதில் மிளகளவு ஒரு மைக். அவ்வளவுதான். பத்துச் சாமான் வாங்கியபோது நாம் பேட்டரியையும் திரையையும் பத்துத் தடவை வாங்கிக்கொண்டிருந்தோம். போன் செய்த வேலை, அந்தப் பொதுச் சரக்கை ஒரு தடவை மட்டும் வைத்துவிட்டு, மாறுபட்ட அந்தச் சின்னப் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது.

அந்தச் சின்னப் பகுதிகளில் பலவும் போனுக்காகப் பிறந்தவை அல்ல. போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான முடுக்கமானி 1990களில் கார்களின் ஏர்பேக்குக்காகத்தான் லட்சக்கணக்கில் தயாரானது. மோதலை உணர்ந்து பையை ஊதச் சொல்வது அதன் வேலை. இன்றைய கேமரா சென்சார், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு விண்கலக் கேமராக்களைச் சிறிதாக்கச் செய்த ஆராய்ச்சியில் வளர்ந்தது. லித்தியம் அயான் பேட்டரியை 1991ல் சோனி முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது குடியேறிய இடங்களில் ஒன்று வீடியோ கேமரா. ஜிபிஎஸ்ஸின் கதை இன்னும் வேடிக்கை: பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது, 2000 மே மாதம் அதை நிறுத்தியதும், சுமார் 100 மீட்டர் வரை பிசகிக்கொண்டிருந்தது ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. இவையெல்லாம் மலிவாகி, சிறிதாகி, ஒரே பலகையில் உட்காரும் அளவுக்கு வந்த பிறகுதான் போன் இப்படி விழுங்க ஆரம்பித்தது. முயற்சி அதற்கு முன்பே நடந்தது. 1994ல் ஐபிஎம் விற்ற சைமன், தொடுதிரையில் நாட்காட்டி, ஃபேக்ஸ், மின்னஞ்சல் எல்லாம் வைத்திருந்தது. பேசினால் பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். ஆறு மாதத்தில் சுமார் 50,000 விற்று, கதை முடிந்தது.

1991ல் அமெரிக்காவின் மின்னணுச் சாமான் கடைத்தொடரான ரேடியோ ஷேக் கொடுத்த முழுப்பக்க விளம்பரம் ஒன்று பின்னாளில் பிரபலமானது. அதில் இருந்த 15 மின்னணுச் சாமான்களில் 13 தன் சட்டைப்பைப் போனுக்குள் வந்துவிட்டன என்று 2014ல் ஒரு எழுத்தாளர் எண்ணிக் காட்டினார். எனக்கு அந்தப் பதின்மூன்றைவிட வராத இரண்டில் ஒன்றுதான் சுவாரசியம்: 15 அங்குல ஊஃபர் வைத்த ஸ்பீக்கர். தாழ்ந்த ஸ்வரம் கேட்க வேண்டுமானால் நிறையக் காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கட்டை விரல் நகமளவு ஸ்பீக்கரால் அது ஆகாது. எந்த மென்பொருள் வந்தாலும் ஆகாது. தகவலைக் கையாள்கிற சாமானெல்லாம் போனுக்குள் போய்விட்டது. காற்றை, ஒளியை, அழுத்தத்தை, விசையைக் கையாள்கிற சாமான் வெளியே நிற்கிறது.

சரி, வரிசையாகப் பார்க்கலாம். கால்குலேட்டர், நாட்காட்டி, முகவரிப் புத்தகம், அகராதி, ஸ்டாப்வாட்ச், பாட்டுக் கேட்கும் கருவி: இவற்றுக்குப் பத்தி எழுதத் தேவையில்லை, ஒதுக்கிவிடுங்கள். ஆப்பிளின் பிரபலமான பாட்டுக் கருவியான ஐபாடையே அந்த நிறுவனம் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கால்குலேட்டரை மட்டும் வைத்திருங்கள். தேர்வறைக்குள் போனை விடமாட்டார்கள். குரல் பதிவுக் கருவியும் போகலாம், ஆனால் பதிவு ஓடும்போது அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். ஒரு மணி நேரப் பேட்டியில் பாதி காணாமல் போனவர்களை எனக்குத் தெரியும். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஸ்கேனரும் அப்படித்தான். காகிதத்தின் நான்கு மூலையையும் கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, நிழலை அழித்து, எழுத்தை எழுத்தாகவே படித்துத் தரும் வேலையை இன்றைய போன் பிரமாதமாகச் செய்கிறது. பழைய ஃபிலிம் நெகட்டிவ் நிறைய இருப்பவர்கள் மட்டும் தனி ஸ்கேனரை வைத்திருக்கலாம். ஸ்கேனர் என்றதும் ஞாபகம் வருகிறது: பிரிண்டரும் ஸ்கேனரும் ஜெராக்ஸும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. நீல மை தீர்ந்துபோனது என்று அது ஸ்கேன் செய்ய மறுத்தது. ஸ்கேன் செய்ய மை எதற்கு? பல வேலைக் கருவி என்றாலே எனக்கு அந்தப் பெட்டிதான் கண் முன் வரும். ஒரு வேலையின் பழுது சம்பந்தமில்லாத இன்னொரு வேலையையும் இழுத்துப் படுக்க வைத்துவிடும். இதற்குத் திரும்ப வருகிறேன்.

அதிகம் பேருக்குக் குழப்பம் கேமராவில்தான். ஜப்பானில் 2000ல் வந்த ஷார்ப் போன் ஒன்றில் 1,10,000 புள்ளி எடுக்கும் கேமரா இருந்தது. அதைப் பார்த்துக் கேமராக்காரர்கள் பயப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்கில், 2010ல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2020ல் ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டன. செத்தவை பெரும்பாலும் சட்டைப்பைக் கேமராக்கள். காரணத்தைச் சென்சாரின் அளவில் பார்க்கலாம். அந்தக் கேமராக்களில் பலவற்றின் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6, அதாவது 28 சதுர மில்லிமீட்டர். இன்று நல்ல போனின் முதன்மைக் கேமராவில் உள்ள சென்சாருக்கு எழுபதையொட்டிய பரப்பு இருக்கிறது. போன் அதைத் தாண்டியே போய்விட்டது. போதாததற்கு ஒரு அழுத்தலில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, இரைச்சலைக் குறைத்துத் தருகிறது.

ஆனால் 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார் வைத்த பெரிய கேமராவின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். போனைப்போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. மங்கிய வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தை, தூரத்துக் கிளையில் உட்கார்ந்த பறவை, மேடையில் ஆடுகிறவர்: இங்கே போனின் வித்தை பலிக்காது. பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் தந்திரம் அசையாத பொருளிடம்தான் நன்றாக வேலை செய்யும். தூரத்தை இழுப்பதும் அப்படியே. போனில் விரலால் விரித்துப் பெரிதாக்குவது ஒரு எல்லைக்கு மேல் வெட்டி ஒட்டும் வேலைதான். ஆகவே சட்டைப்பைக் கேமராவை ஒதுக்குங்கள்; லென்ஸ் மாற்றும் கேமரா இருந்து அதை நீங்கள் உண்மையிலேயே வெளியே எடுத்துப் போகிறவர் என்றால் விடாதீர்கள். போன வருடம் ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்றால், அதற்கும் பதில் உங்களுக்கே தெரியும்.

வழிகாட்டும் கருவி. 2009 அக்டோபரில் கூகுள் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்வதை இலவசமாக்கிய அன்று வழிகாட்டும் கருவி விற்கிற கார்மின், டாம்டாம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. சந்தைக்கு உடனே புரிந்துவிட்டது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஜிபிஎஸ்ஸுக்கு இணையமும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பேசுகின்றன, போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்தில் புள்ளி நகராமல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் குறை இரண்டில் ஒன்று. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை. அல்லது போனுக்குப் பொறுமை தரவில்லை: செயற்கைக்கோளின் செய்தி விநாடிக்கு 50 பிட் என்ற நத்தை வேகத்தில்தான் வரும், முழுச் செய்தியும் வந்துசேர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். வழக்கமாக இணையம் அந்தத் தகவலைச் சுருக்கு வழியில் தந்துவிடுவதால் நாம் அதை உணர்வதில்லை. வானம் தெரிகிற இடத்தில் சிறிது நேரம் சும்மா நில்லுங்கள். கார் கருவியை ஒதுக்கலாம். மலையேறுகிறவர்கள், கடலில் போகிறவர்கள் ஒதுக்க வேண்டாம்.

போனுக்குள் இருக்கிற சில்லறை அளவுக் கருவிகளை நம்புவதில் கவனம் வேண்டும். ரசமட்டம் போட்டுப் பார்க்கிற செயலி உண்மையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முதுகில் புடைத்திருக்கும் கேமராவோடு போனைப் படுக்கவைத்தால் அது எப்படி மட்டம் காட்டும்? விளிம்பில் நிறுத்துங்கள், படித்துக்கொள்ளுங்கள், 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். திசைகாட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் உறையில் இருக்கிற காந்தம். பூமியின் காந்தப்புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். உறை மூடுவதற்கு வைத்த துண்டுக் காந்தம் அதை அநாயாசமாக அமுக்கிவிடும். கேமராவைக் காட்டி நீளம் அளக்கிற செயலி, சோபா வாசல் வழியாக நுழையுமா என்று பார்க்கப் போதும். அதை நம்பிப் பலகையை அறுக்காதீர்கள். மருத்துவம் என்றால் இன்னும் கண்டிப்பு: விரலைக் கேமராவில் வைத்து நாடித்துடிப்பை எண்ணுவது சரிதான், ரத்தம் பாயும்போது நிறம் மாறுவதை அது பார்க்கிறது. ஆனால் அதே விரலை வைத்து ரத்த அழுத்தம் சொல்வதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள். கையைச் சுற்றி இறுக்குகிற பட்டைக்கு வேலை இருக்கிறது.

கிண்டில் போன்ற மின்காகிதப் படிப்பான் பற்றியும் கேட்பார்கள். பக்கம் மாறும்போது மட்டும்தான் அதன் திரை மின்சாரம் குடிக்கும், வாரக்கணக்கில் ஓடும், வெயிலில் காகிதம்போலத் தெரியும், முக்கியமாக, நடுவில் யாரும் செய்தி அனுப்பிக் கூப்பிட மாட்டார்கள். தினமும் படிக்கிறவர் என்றால் அது போனுக்குப் போட்டியே இல்லை.

இப்போது அந்த நீல மைக்கு வருகிறேன். என் மேசைக்கு வரும் போன்களில் அடிக்கடி கேட்கிற புகார், "சார்ஜ் ஏறமாட்டேன் என்கிறது, பேட்டரி போய்விட்டது போல." பேட்டரியைத் தொடுவதற்கு முன் நான் பூதக்கண்ணாடியை எடுப்பேன். சார்ஜ் போடுகிற துளைக்குள், சட்டைப்பைப் பஞ்சு ஒவ்வொரு தடவையும் ஒயரால் உள்ளே குத்தப்பட்டுக் கம்பளித் துணிபோல இறுகிக் கிடக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியைச் சீவி மெல்லக் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஒரே வில்லையாக வரும். ஒயர் அதற்கப்புறம் 'டக்' என்று உட்காரும். வேலை இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிட வேலைக்காக அந்த மனிதர் முந்தின நாள் முழுவதும் கடிகாரம், டார்ச், வரைபடம், பயணச்சீட்டு, பணப்பை எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறார். தனித்தனிச் சாமான்கள் தனித்தனியாகச் சாகும். ஒரே சாமான் ஒரே நேரத்தில் சாகும்.

எனக்கே நடந்தது. பேட்டரி உப்பிப்போய்த் திரை விளிம்பில் தூக்கிக்கொண்டது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்பதால் நானே பிரிக்காமல் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். வாங்கிய ரசீது மின்னஞ்சலில். கணினியில் மின்னஞ்சலைத் திறந்தால் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அந்த எண்ணைக் காட்டும் செயலி உப்பிய போனில். அதைச் சார்ஜில் போடப் பயமாக இருந்தது, போடக் கூடாதுதான். போன் கெட்டது என்று நிரூபிக்க அந்தப் போன்தான் வேண்டும் என்ற நிலையில் மூன்று நாள் நின்றேன். அப்புறம்தான் புத்தி வந்தது. அந்த முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எண், ஒரு ரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்துப் போனுக்குள்ளேயே கணக்கிடப்படுவது. அதற்கு நெட்வொர்க்கே வேண்டாம். ஆகவே அந்தச் செயலியில் கணக்கைப் பதிவு செய்யும்போதே, கணினித் திரையில் காட்டும் கட்டப் படத்தை (கியூஆர் குறியீட்டை) அலமாரியில் தூங்கும் பழைய போனிலும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டால், சிம் இல்லாமலே அது சரியான எண்ணைக் காட்டும். நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அதோடு, கணக்கைத் திறக்கத் தரும் மீட்பு எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மூன்று பேருடைய தொலைபேசி எண்ணையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். உங்களுக்கு மனப்பாடமாக எத்தனை எண் தெரியும்?

இதே காரணத்துக்காகத்தான் டார்ச்சையும் ரேடியோவையும் வைத்திருக்கச் சொல்கிறேன். போனின் விளக்கு பக்கத்தை வெளிச்சமாக்கும், தூரத்துக்குப் பாயாது. மின்சாரம் இல்லாத இரவில் பேச வேண்டிய பேட்டரியை அது குடித்துக்கொண்டிருக்கும். ரேடியோ இன்னும் முக்கியம். புயலிலோ வெள்ளத்திலோ டவரின் மின்சாரம் போனால் அதன் மாற்று பேட்டரி சில மணி நேரம்தான். அப்புறம் போன் என்பது வெறும் கைக்கடிகாரம். வானொலி நிலையத்தின் ஒரே ஒரு கம்பம் நூறு கிராமத்துக்குப் பேசும், கேட்பதற்கு இரண்டு செல் போதும். பல போன்களில் எஃப்எம் வசதியே இப்போது இல்லை. இருக்கிறவற்றிலும் பெரும்பாலும் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா; ஒயர் செருகும் துளையை எடுத்துவிட்ட போனில் அதுவும் போச்சு.

அலாரம் கடிகாரம் ரெண்டுங்கெட்டான். வேலையைப் போன் ஒழுங்காகச் செய்யும். ஆனால் அதற்காகப் போன் தலைமாட்டுக்கு வந்துவிடும், அணைப்பதற்குத் தொட்ட கை அடுத்த அரை மணி நேரம் அதை விடாது. நான் கடிகாரம்தான் வைத்திருக்கிறேன்.

ஒரே போனை நம்புவது என்று முடிவு செய்தால் அதன் பேட்டரிதான் வீட்டின் எல்லாக் கருவிக்கும் பேட்டரி. 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. அதிலிருந்துதான் எல்லாம் நடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், 800 முறை முழு சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது விதி. அந்த ஆயுளைத் தின்பது முதலில் சூடு. வெயிலில் கார் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, வழியும் காட்டச் சொல்லி, சார்ஜும் போடுவதைவிடப் பெரிய கொடுமை அதற்கு இல்லை. மூன்றாவது வருடத்தில் பேட்டரியை மாற்றினால் போன் இன்னும் சில வருடம் ஓடும். மாற்றுங்கள், போனை அல்ல.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்றால், கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 2018ல் நேச்சர் எனர்ஜி இதழில் வந்த ஓர் ஆய்வில், போனால் மாற்றக்கூடிய கருவிகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது ஓடும்போது 449 வாட். அதே இடத்தில் போனுக்கு 5 வாட். சும்மா செருகி நிற்கும்போது 72 வாட்டுக்குப் பதில் 2.5. ஆனால் இந்த லாபம் பழையவற்றை நிஜமாகவே வாங்காமல் விட்டால்தான். ஒரு போனின் மாசில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வந்துவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு போன் மாற்றினால் மிச்சம் பிடித்தது அதில் கரையும். 2022ல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் கொட்டியது. முறையாகச் சேகரித்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான்.

ஆகவே ஒதுக்கியவற்றைக் குப்பையில் போடாதீர்கள், அலமாரியில் அப்படியே தூக்கியும் வைக்காதீர்கள். முதலில் கேமராவிலும் பதிவுக் கருவியிலும் உள்ள படங்களையும் குரல்களையும் எடுத்துவிட்டு, நினைவக அட்டையில் இருப்பதை அழித்துவிடுங்கள். மின்கழிவு எடுக்குமிடத்தில் கொடுக்கும்போது உங்கள் வீட்டுப் படம் அதில் இருக்க வேண்டாம். கொடுக்கும்வரை வீட்டில் இருப்பவற்றில், சார்ஜ் ஏறும் பேட்டரி உள்ளதைப் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாகக் காலியாக விட்டால் அது திரும்ப எழாமலே போகலாம். சாதாரண செல் போட்டவற்றில் செல்லைக் கழற்றிவிடுங்கள். விட்டால் அதிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து ஸ்பிரிங்கை வெள்ளை உப்பாக அரித்துவிடும். வைத்திருக்கப் போகிற டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் இதே விதி: செல்லை வெளியே எடுத்து, இரண்டையும் அந்த எண்கள் எழுதிய காகிதத்தோடு ஒரே டப்பாவில், இருட்டில் தடவினாலும் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.